லினக்ஸ் மாறியதும் தண்ணீர் முறை தொலைந்ததும்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயம் முடிவதற்குள் இன்னொன்று ஓடிவந்து முன்னால் நிற்கும். எதற்காக ஆரம்பித்தோம் என்பதே சில சமயம் மறந்துவிடும். கோணல்மாணலாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கேட்டால் இதில் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். ஊருக்குக் கிழக்கே போகிற சின்ன வாய்க்காலில் ஒன்பது பேருக்குப் பாசனம். ஆற்றில் தண்ணீர் வந்தவுடன் ஒன்பது பேரும் ஒன்றாக மடையைத் திறந்தால் ஒருவர் வயலிலும் ஏறாது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி. தன் முறை முடிந்தவர் மடையை மூடிவிட்டு அடுத்தவர் வீட்டு வாசலில் போய் ஒரு குரல் கொடுக்க வேண்டும். போன வருஷம் கடைசியில் பாய்ச்சியவருக்கு இந்த வருஷம் முதல் முறை, அவருக்கு முந்தினவருக்கு இரண்டாவது, இப்படியே தலைகீழாகப் போகும். இவ்வளவுதான் சட்டம்.

சட்டம் சுலபம், நடப்பதுதான் சிக்கல். ஒருவருக்கு நாற்று தயாராகி இருக்காது. இன்னொருவர் வீட்டில் கல்யாணம் வரும். முறையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் பாய்ச்சியது யார் என்பது மறு வருஷம் யாருக்கும் சரியாக நினைவிருக்காது, அல்லது எல்லோருக்கும் தனித்தனியாக நினைவிருக்கும். அதற்காக, அந்த வாய்க்காலில் நிலம் இல்லாத பொது ஆளாக, என் வீட்டுக்காரர் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு நோட்டு என்னிடம் வந்தது. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இது ஆறா ஏழா என்று வாசலில் நின்று சண்டை போட்டார்கள்.

அப்போதுதான் மகள் லேப்டாப்பில் தட்டச் சொல்லிக்கொடுத்தாள். அவள் பன்னிரண்டாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அது. பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. கரண்ட் வயரைச் சொருகினால் ஓடும், பிடுங்கினால் படுத்துவிடும். அதை ஓட்டுகிற மென்பொருள் ஏதோ ஒரு வகை லினக்ஸ். இனாமாகக் கிடைப்பது, ஊர் உலகத்தில் பலபேர் சேர்ந்து செய்து பொதுவில் விட்டது என்று மகள் சொன்னாள். கோயில் குளம் மாதிரியா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் இந்தக் குளத்தை யார் வேண்டுமானாலும் தூர் வாரலாம் என்றாள்.

அச்சடித்த தாளை டீக்கடைச் சுவரில் ஒட்ட ஆரம்பித்ததும் சண்டை நின்றது. அச்சுக்கு அப்படி ஒரு மரியாதை. எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அந்த வாய்க்காலில் என் நாத்தனாருக்கு நிலம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு நேர் தங்கை. நான் வாயால் சொன்னால் நாத்தனாருக்காகச் சொல்கிறேன் என்பார்கள். தாள் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த லேப்டாப்பில் மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே விஷயம். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட வேண்டும். உள்ளே எழுதி முடித்ததும் சேமிக்க வேண்டும், அப்போது பெயர் கேட்கும், கொடுக்க வேண்டும். ஃபோல்டருக்கெல்லாம் ஒழுங்காகப் பெயர் வைத்தேன். போன குறுவை, அதற்கு முந்தின குறுவை, சம்பா, சீர்ப் பலகாரம் என்று. உள்ளே இருக்கும் தாளுக்குப் பெயர் கேட்கும்போதுதான் கை தடுமாறும். வெள்ளையாக ஒரு கட்டம் வந்து நிற்கும். வெறும் இடத்தைப் பார்த்தால் என் கை முதலில் பிள்ளையார் சுழிதான் போடும். கடுதாசியானாலும் சரி, மளிகைச் சீட்டானாலும் சரி, சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். உ என்று தட்டினேன். அடுத்து என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் என்டர் அழுந்திவிட்டது. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. சரி, அதற்கும் பிள்ளையாரே போதும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எல்லாத் தாளுக்கும் அதே பெயர்தான். பதினான்கு ஃபோல்டர், பதினான்கு உ. மகளிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

போன வருஷம் குறுவை நடுவில் பிரின்டர் உயிரை விட்டது. ஆரம்ப வரிசையைத்தான் சுவரில் ஒட்ட முடிந்தது. அதற்குப் பிறகு முறை மாற்றிக்கொண்டதையெல்லாம் லேப்டாப்பில் மட்டும் தட்டிவைத்தேன். வந்து கேட்டவர்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அப்புறம் மகள் புது பிரின்டர் வாங்கி அனுப்பினாள். அதைப் பக்கத்தில் வைத்து வயரைச் சொருகினால், பழைய லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து மாப்பிள்ளை போனில் மகளிடம் சொன்னாராம்: அந்த லினக்ஸுக்கு வயதாகிவிட்டது, அதைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள், வேறு லினக்ஸ் போட்டால் பிரின்டர் தானாக ஓடும். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் அவர்தான் வைத்தியம்.

இந்த வருஷம் ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வாய்க்காலுக்குத் திங்கட்கிழமை திறப்பார்கள் என்று தெரிந்தது. முதல் முறை யாருக்கு என்ற பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது. தலைமடைக்காரர், அதாவது வாய்க்கால் ஆரம்பத்தில் நிலம் உள்ள பெரியவர், போன வருஷம் தன் மகள் கல்யாணத்துக்காக முறையை விட்டுக்கொடுத்துக் கடைசியில் பாய்ச்சினேன் என்று சொல்லித் திரிந்தார். நாத்தனார் தான்தான் கடைசி என்றாள். அவளுக்கு இது வெறும் வீம்பு இல்லை. பக்கத்து வயல்காரரின் போர்வெல் தண்ணீரைக் கெஞ்சி வாங்கி முன்கூட்டியே நாற்று விட்டிருந்தாள். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. தலைமடையிலிருந்து வரிசையாகப் பாய்ச்சினால் அவள் வயல்தான் கடைசி. இன்னும் ஒன்பது நாள் தள்ளிப்போனால் முற்றி, நட்டாலும் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாது. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உன் பொட்டியில என் பேரு கடைசியா இருக்குல்ல? அதை மட்டும் ஒரு தாள்ல எடுத்துக் கொடுத்துடு. அந்தாளு மூஞ்சியில ஒட்டிடறேன்" என்றாள்.

இருக்கிறது என்றுதான் எனக்கும் நினைவு. பிரின்டர் ஓடட்டும், தருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், டி.வி. பார்க்கிறார்கள், ஒரே தட்டில் பக்கோடா எடுக்கிறார்கள். எனக்குத்தான் முடியவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வாங்க என்று சொல்லி உள்ளே போனால், மிச்சத்தை மகள் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளையும் அதற்குப் பழகிவிட்டார். மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் பேச்சு மகள் வழியாகத்தான் போகும், வரும்.

"அத்தை எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்துட்டாங்களான்னு கேளு" என்றார் அவர்.

"அம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றாள் இவள், நான் இரண்டடி தள்ளி நிற்கும்போது.

எடுத்துவிட்டேன் என்று தலையாட்டினேன்.

"எடுத்துட்டாங்களாம்."

அதை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். அன்று விடியற்காலையிலேயே எழுந்து பென்டிரைவைச் சொருகினேன். ஃபோல்டரோடு இழுத்துப் போடும்மா என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். எனக்கு அது அநாவசியமாகப் பட்டது. ஃபோல்டர் என்பது அட்டை, உள்ளே இருப்பதுதானே தாள்? வீடு மாற்றுகிறவர்கள் பாத்திரத்தை எடுத்துப் போவார்களா, அலமாரிப் பலகையைப் பெயர்த்துப் போவார்களா? அதிலும் பென்டிரைவ் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது, அட்டையையும் போட்டு அடைப்பானேன் என்று, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தாளை மட்டும் எடுத்துப் போட்டேன். முதல் தாள் பேசாமல் போயிற்று. இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. கீழே இரண்டு பொத்தான், ஒன்று மங்கலாக, ஒன்று நீலமாக. நீலமாக இருப்பதை அழுத்தினால் காரியம் நடக்கும் என்பது என் அனுபவம். பதிமூன்று தடவை கேட்டது, பதிமூன்று தடவையும் நீலத்தை அழுத்தினேன். கடைசியில் பென்டிரைவைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு உ இருந்தது. எல்லாத் தாளையும் ஒன்றாக அடுக்கிக் கட்டி மேலே பிள்ளையார் சுழி போட்டுவைத்திருக்கிறது, கெட்டிக்காரத்தனம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

மாப்பிள்ளை இரண்டாம் தடவையும் கேட்கச் சொன்னார். இனிமேல் பழையது சுத்தமாக அழிந்துவிடும், ஒரு எழுத்துகூட மிஞ்சாது, அத்தையை நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு என்றார். அந்த நேரம் அந்த இங்கிலீஷ் கேள்வியைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மகளிடம் சொன்னால் அவள் அவரிடம் சொல்வாள், அவர் திருப்பிக் கேட்பார், நான் ஐந்தாம் வகுப்பு என்பது கூடம் முழுக்கத் தெரியும். மறுபடியும் தலையாட்டிவிட்டு வடைக்கு அரைக்கப் போய்விட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தது. மாப்பிள்ளை வேறொரு பென்டிரைவைச் சொருகி, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, ஒரு பொத்தானைக் கொக்கு மீன் கொத்துவது போல டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தார். திரை கறுத்தது. வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடிற்று. அது பாட்டுக்கு ஓடட்டும், பயப்படக் கூடாது என்று மகளிடம் சொன்னார், அது எனக்கான சேதி. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். பேட்டரிதான் இல்லையே, பாதியில் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது என்றார். அந்த அரை மணி நேரமும் நான் மிக்சியைத் தொடவில்லை. மிக்சி போட்டால் கரண்ட் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு பயம். உளுந்து ஊறிக்கொண்டே இருந்தது. மகள் மின்விசிறியையும் நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது.

புது லினக்ஸ் வந்தபோது திரையில் பச்சையாக ஒரு மலைச்சரிவு வந்தது. நம் பக்கத்தில் மலை ஏது என்று மகள் சிரித்து, அதை மாற்றி வயல் படம் ஒன்றைப் போட்டாள். தமிழில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. பயன்படுத்துகிறவர் பெயர் கேட்டது. மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார், மாமியார் பெயரைத் தட்டக் கூசினார் போலிருக்கிறது. மகள் "அம்மா" என்றே தட்டிவிட்டாள். இப்போதும் அந்தப் பெட்டியைத் திறந்தால் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

பாஸ்வேர்டு போட நான்தான் வரவேண்டும் என்றார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே தட்டப் பார்த்தேன், எட்டவில்லை. மாப்பிள்ளை எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, பாஸ்வேர்டைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் இருக்கும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார், அதனால் குற்றமில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பிரின்டர் வயரைச் சொருகினார்கள். சொருகினதும் அது ஒரு தடவை இருமிவிட்டு, பச்சை விளக்கைக் காட்டியது. பழைய லினக்ஸ் ஒரு வருஷமாக ஏறெடுத்துப் பார்க்காத பிரின்டர். அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. மகள் அதே சந்தோஷத்தில் என் பென்டிரைவைச் சொருகினாள்.

"என்னம்மா இது, ஒண்ணுதான் இருக்கு?"

"கட்டா கட்டி இருக்குடி. பிரிச்சுப் பாரு" என்றேன்.

பிரித்தாள். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது கடைசியாக நான் எடுத்துப் போட்ட தாள், சீர்ப் பலகாரம். தலைதீபாவளிக்கு அவர்கள் வந்தபோது என்னென்ன செய்துவைத்தேன் என்ற குறிப்பு. முறுக்கு நூற்றொன்று, அதிரசம் ஐம்பத்தொன்று, லாடு இத்தனை என்று போட்டு, அதற்குக் கீழே அடுத்த வருஷத்துக்கு நினைவாக ஒரு வரி எழுதியிருந்தேன். மாப்பிள்ளை அதை வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"மாப்பிள்ளை அதிரசத்தைத் தொடவில்லை. முறுக்கை மட்டும் மறைத்து மறைத்துத் தின்றார்."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை காது சிவந்துவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் வெட்கம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் வேறு விஷயம் உறைத்தது. போன குறுவை எங்கே?

மகள் தேடினாள். மாப்பிள்ளை தேடினார். எப்படி எடுத்தாய் என்று மகள் கேட்க, நீலப் பொத்தானைச் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. எல்லாத் தாளுக்கும் ஒரே பெயர், ஒரே இடத்தில் போட்டதும் ஒன்று வந்து முந்தினதை அழித்திருக்கிறது. பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்றுதான் அது பதிமூன்று தடவையும் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை மதகில் ஒன்பது பேரும் கூடுவார்கள், தாள் எங்கே என்பார்கள். நாத்தனார் நாற்று கண்ணுக்கு முன்னால் நின்றது.

மகளைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

"மாப்பிள்ளை, அழிஞ்சதை எப்படியாவது கொண்டாந்துட முடியுமா?" என்று நேராக அவரைக் கேட்டுவிட்டேன்.

அவருக்கு என்னைவிட அதிர்ச்சி. ஒரு தடவை மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இல்லீங்க அத்தை. அது மேலேயே புதுசு எழுதியாச்சு. நான் சாயந்தரம் வரைக்கும் தேடிப் பார்க்கறேன், ஆனா நம்பிக்கை வைக்காதீங்க. உங்க மேல தப்பு இல்ல. நான் ரெண்டு தடவை கேக்கச் சொன்னதுக்கு ஒரு தடவை நானே திறந்து பாத்திருக்கணும்."

சொன்னபடி சாயந்தரம் வரை ஏதேதோ போட்டுத் தேடினார். அவருக்குக் காபி கொடுத்தபோது, நான் நின்றுகொண்டேதான், இன்னும் ரெண்டு வார்த்தை பேசினேன். பழைய லினக்ஸை இப்படிச் சுத்தமாக அழித்துவிட்டோமே, அது பாவம் இல்லையா என்று கேட்டேன். அது எங்கும் போகவில்லை அத்தை என்றார். அதன் பிரதி உலகத்தில் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது, நம்மிடம் போனால் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம், ஒருத்தர் கையில் மட்டும் இருந்தால்தான் ஆபத்து என்றார். உங்கள் தாள் உங்களிடம் மட்டும் இருந்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலை மதகுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த மாப்பிள்ளை தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கூட்டத்துக்கு நடுவில் அவர் வேறு நின்றால் எனக்கு இரட்டைக் கூச்சம். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். வாய்க்கால் கரை ஈரமாக இருந்தது. தலைமடைக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டு, திறப்பதற்குத் தயாராகவே நின்றார். நாத்தனார் என் கையைத்தான் பார்த்தாள். கையில் தாள் இல்லை.

சேதியைச் சொன்னேன். பெட்டியில் லினக்ஸ் மாற்றினோம், மாற்றும்போது என் கைப் பிசகில் எல்லா முறையும் அழிந்துவிட்டது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, பின்னால் நின்றவருக்கு இன்னொருவர் திருப்பிச் சொன்னார்.

"அதுக்கென்ன தங்கச்சி, நோட்டு இருந்த வரைக்கும் நல்லா இருந்தது. தாள் இல்லேன்னா தண்ணி வர்ற வழியிலேயே பாச்சிக்கறோம். நான்தானே முதல் மடை" என்றார் தலைமடைக்காரர்.

நாத்தனார் விடவில்லை. "அண்ணி, பொட்டி போனா என்ன, உனக்கு வாய் இருக்குல்ல? போன வருசம் யாரு கடைசின்னு சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. என் நினைவில் அப்படித்தான் இருந்தது. சொன்னால் நாத்தனாருக்கு ஏந்திப் பேசுகிறேன் என்பார்கள். சொல்லாவிட்டால் அவள் நாற்று போய்விடும். காலடியில் ஈர மண் குழைந்துகொண்டிருந்தது. அப்போது மாப்பிள்ளை காபி குடித்துக்கொண்டே சொன்னதுதான் மனசில் ஓடியது. பிரதி என்னிடம் மட்டுமா இருக்கிறது? மடையை மூடியவர் அடுத்தவரை வாசலில் போய்க் கூப்பிடாமல் இருந்ததே இல்லையே. அப்படியானால் ஒவ்வொருவரிடமும் ஒரு வரி இருக்கிறது.

"நான் சொன்னா நல்லா இருக்காது" என்றேன். "நீங்களே சொல்லுங்க. யாரு முதல், யாரு கடைசின்னு சொல்ல வேண்டாம். மடையை மூடிட்டு யாரு வீட்டு வாசல்ல போயி கூப்பிட்டீங்க, அதை மட்டும் ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

அது யாருக்கும் மறக்கவில்லை. நாய் குரைத்த வாசல், திட்டு வாங்கின வாசல், தூக்கக் கலக்கத்தில் தப்பாகத் தட்டின வாசல் என்று எல்லாம் வந்தது. ஒருவர் சொல்ல, அடுத்தவர் ஆமாம் என்று எடுத்துக்கொள்ள, ஆறு பேர் வரிசையாகக் கோத்துவிட்டார்கள். ஆறாவது ஆள் கூப்பிட்டது தலைமடைக்காரரை. அவர் முறை வந்தது.

"நான் மூடிட்டு..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க மாமா, எந்த வாசல்?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் மண்வெட்டியை இறக்கிவைத்தார். "இந்தம்மா வாசல்தான்" என்று நாத்தனாரைக் காட்டினார். "கூப்பிட்டதுக்கு, இந்நேரத்துக்கு வந்து கூப்பிட்டா எப்படின்னு என்னையே ஏசுச்சு. எப்படி மறக்கும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். அவர் கடைசி இல்லை என்று ஆகிவிட்டது. நாத்தனார் முகம் மலர்ந்தது. என் மனசிலும் ஒரு பாரம் இறங்கிற்று. இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆனால் எட்டுப் பேர்தான் ஆகியிருந்தது. கணக்குக்கு ஒன்பது வர வேண்டும். கும்பலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெண் நின்றிருந்தாள். போன வருஷம் பாதியில் இரண்டு மா நிலத்தை, முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய, குத்தகைக்கு எடுத்தவள். வேற்றூர்க்காரி. கடைசியாகப் பாய்ச்சினால் மறு வருஷம் முதல் முறை என்ற சட்டமே அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர் எப்போது விட்டாலும் சரி என்பதுபோல நின்றிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான், அவள் பெயரைக் கடைசி வரியில் நானே தட்டியிருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷம் வரை அது எனக்கு நினைவே இல்லை.

நாத்தனாரைப் பார்த்தேன். அவளும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பெண்ணும் கேட்கப்போவதில்லை.

"நான் இவளைக் கூப்பிட்டேன்" என்றாள் நாத்தனார், கொஞ்சம் கோபமாகவே. "வாசல்ல இல்ல, வயல்ல. வரப்புல உக்காந்திருந்தா. எழுந்திரிடி, தண்ணியத் திருப்பிக்கன்னு சொன்னேன்."

அந்தப் பெண் ஆமாம் அக்கா என்றாள். அவ்வளவுதான்.

முதல் முறை அவளுக்கு. இரண்டாவது நாத்தனாருக்கு. தலைமடைக்காரர் தானே போய்ப் பலகையைத் தூக்கிவிட்டார். திரும்பி வரும்போது நாத்தனார் எனக்கு முன்னால் நாலடி வேகமாக நடந்தாள். கோபம் என்று எண்ணினேன். களத்து மேட்டில் நின்று திரும்பினாள்.

"ஏன் அண்ணி, உனக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா, இல்ல நானே சொல்லட்டும்னு நின்னியா?"

"நீதான் கடைசின்னு நெனச்சேன்" என்றேன்.

"அப்ப நல்ல வேளை, உன் பொட்டி அழிஞ்சுது. இல்லேன்னா நீயே வாய்தவறி எனக்குக் கொடுத்திருப்ப" என்று சொல்லி, ஒரு நாள் தாமதமானால் நாற்று ஒன்றும் செத்துவிடாது என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். பெட்டி அழியாமல் இருந்திருந்தால் அதில் அந்தப் பெண்ணின் பெயர்தான் இருந்திருக்கும் என்று நான் திருத்தவில்லை. அவள் சமாதானமாகிற நேரத்தில் குறுக்கே விழுவானேன்?

வீட்டுக்கு வந்து புது லினக்ஸில் ஒன்பது பேரையும் வரிசையாகத் தட்டினேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தார். தாளுக்குப் பெயர் கேட்டபோது கை மறுபடியும் உ என்று போய்விட்டது. அதை அழிக்க வேண்டாம் அத்தை, அதற்குப் பின்னாலேயே குறுவை என்றும் வருஷத்தையும் போட்டுவிடுங்கள் என்றார். இத்தனை சுலபமா என்று இருந்தது. பிரின்டரில் ஒன்பது பிரதி எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுக்கச் சொல்லி மகளை அனுப்பினேன். குத்தகைப் பெண்ணுக்கு மட்டும் நானே கொண்டுபோய்க் கொடுத்து, சட்டத்தையும் சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறபடி எழுதியது. என் நினைவு எப்படிப்பட்டது என்பதுதான் தெரிந்துவிட்டதே. ஆறு பேர் கோத்த வரிசையில் யார் யாரை எந்த வாசலில் கூப்பிட்டார்கள் என்பதை அந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். நாத்தனாரிடம் கொடுத்தால் அவள் பேசினதை எல்லாம் நீளமாக்கிவிடுவாள், அதனால் தலைமடைக்காரரிடமும் ஒரு தடவை காட்டுங்கள். லினக்ஸ் மாற்றின இடத்தில் ஏதாவது உளறியிருந்தால் மாப்பிள்ளை திருத்தட்டும். முறுக்கு எண்ணிக்கையையும் அவரே பார்த்துச் சொல்லலாம், நூற்றொன்றா நூற்றிருபத்தொன்றா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.